மேடை தந்த ஊரும் பெயர் தந்த ஊரும்: ஜீனா ரொசேரோவின் தன்வரலாறு

பிலிப்பைன்ஸில் பிறந்து அமெரிக்காவில் மாடலாகப் புகழ்பெற்ற திருநங்கை ஜீனா ரொசேரோ எழுதிய ‘ஹார்ஸ் பார்பி’ என்னும் தன்வரலாறு 2023-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்தது. இந்த நூலை வாங்கலாமா, வாங்கினால் எப்படிப் படிக்கலாம் என்று கேட்ட நண்பர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த நான், சற்று விரிவாகவே எழுதிவிடலாம் என்று இந்த மதிப்புரையைத் தொடங்குகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். முதல் பாதிக்காக மட்டுமே வாங்கினாலும் கொடுத்த பணம் வீண்போகாது. இரண்டாம் பாதியைப் பற்றி எனக்குச் சில மனக்குறைகள் உண்டு. அவற்றை உரிய இடத்தில் சொல்கிறேன்.

ஜீனா ரொசேரோவை நான் முதலில் அறிந்தது நூலின் வழியாக அன்று. 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த, பல துறையினர் சுருக்கமான உரைகள் நிகழ்த்தும் டெட் மாநாட்டில் அவர் ஆற்றிய, ஏறத்தாழப் பத்து நிமிடமே நீளும் உரையின் வழியாகத்தான் அறிந்தேன். திருநர் வெளிப்பாட்டு நாளாகப் பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படும் மார்ச் 31 அன்று அந்த உரை இணையத்தில் வெளியானது. இன்றும் அதைக் காசு கொடுக்காமல் பார்க்கலாம். மேடைக்கு வந்தவர், நீச்சலுடையில் இருக்கும் ஒரு மாடலின் படத்தைத் திரையில் காட்டுகிறார். அது அவருடைய படம்தான். பிறந்தபோது தன்னை ஆண் என்று பதிவு செய்தார்கள் என்பதை, தன் அண்டை வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் தன் மாடலிங் முகவருக்கும்கூட ஒன்பது ஆண்டுகளாகச் சொல்லாத அந்த உண்மையை, அங்கே உலகத்தின் முன்னால் சொல்கிறார். அந்தப் பத்து நிமிடத்தில் சுருக்கமாகச் சொல்லப்பட்ட ஒவ்வொரு செய்தியும் நூலில் பல பக்கங்களாக விரிகிறது என்பதால், உரையை முதலில் பார்த்துவிட்டு நூலுக்குள் போவதே நல்லது என்பது என் அனுபவம்.

நூலின் தொடக்கம் மணிலாவின் நெருக்கமான சந்து ஒன்றில். இத்தகைய சந்துக்கு அங்கே ‘எஸ்கினிதா’ என்று பெயர். அந்தச் சந்துக்குள் இருக்கும்வரை சிறுவனாக வளர்க்கப்பட்ட அந்தக் குழந்தைக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது. சந்துக்கு வெளியே காலெடுத்து வைத்தால், அவருடைய நடையைப் பார்த்து ‘பக்லா, பக்லா’ என்று கத்துவார்கள். பெண்தன்மை கொண்ட ஆண், ஆணை விரும்பும் ஆண், திருநங்கை ஆகிய எல்லோரையும் ஒரே சொல்லில் அடைத்துவிடும் பிலிப்பினோச் சொல் அது. யார் சொல்கிறார்கள், எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து வசையாகவும் இருக்கும், உரிமையோடு அழைக்கும் அழைப்பாகவும் இருக்கும். ஐந்து வயதில் தலையில் எப்போதும் ஒரு பனியனை மாட்டிக்கொண்டு திரிந்த பிள்ளையிடம் தாய் காரணம் கேட்க, இது என் கூந்தல், நான் ஒரு பெண் என்று அது பதில் சொன்ன நிகழ்ச்சியை உரையிலேயே கேட்டிருக்கிறோம். அந்தத் தாய் இந்தக் கதையில் எவ்வளவு முக்கியமானவர் என்பது நூலைப் படிக்கும்போதுதான் முழுமையாகப் புலப்படுகிறது.

மொழி பற்றி ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பிலிப்பைன்ஸின் முதன்மை மொழியான டகாலோக்கில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘சியா’ என்ற ஒரே படர்க்கைச் சொல்தான். நாம் மரியாதையோடு ஒருவரை ‘அவர்’ என்னும்போது ஆணா பெண்ணா என்ற கேள்வி எழுவதில்லை, அதுபோலத்தான். அத்தகைய மொழியில் வளர்ந்த ஒருவர், ஒவ்வொரு வாக்கியத்திலும் ஆணா பெண்ணா என்று தீர்மானித்துவிட்டே பேச வேண்டிய ஆங்கிலத்துக்குள் வாழப் போகிறார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நூலின் பிற்பகுதி இன்னும் ஆழமாக விளங்கும்.

நூலின் உயிர் அழகிப் போட்டிகளைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் மக்களுக்கு அழகிப் போட்டி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எளிதில் உணர முடியாது. 1969-இல் குளோரியா டியாஸ், 1973-இல் மார்கி மோரன், 2015-இல் பியா வுர்ட்ஸ்பாக், 2018-இல் கத்ரியோனா கிரே என்று நான்கு முறை பிரபஞ்ச அழகிப் பட்டத்தை வென்ற நாடு அது. இறுதிச் சுற்று நடக்கும் நாளில் ஊரே தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்துவிடும். அந்த ஆர்வம் திருநங்கையர் போட்டிகளுக்கும் உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு காவல் புனிதர். அவருடைய திருவிழாவுக்குப் ‘பியெஸ்தா’ என்று பெயர். காலையில் பூசை, பவனி, வீடுதோறும் விருந்து, இரவில் மேடை. அந்த மேடையில் திருநங்கையர் நீண்ட அங்கியிலும் நீச்சலுடையிலும் நடந்து, நடுவர்களின் கேள்விக்குப் பதில் சொல்லி, பட்டமும் பரிசுப் பணமும் வெல்வார்கள். காலையில் தேவாலயத்தில் முழங்காலிட்டவர்கள் இரவில் அதே தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தங்களுக்குப் பிடித்த போட்டியாளருக்காகத் தொண்டை வற்றக் கத்துவார்கள். ‘ஈட் புலாகா’ என்னும் புகழ்பெற்ற மதிய நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் ‘சூப்பர் சிரேய்னா’ என்ற பெயரில் இத்தகைய போட்டியை நடத்தியிருக்கிறார்கள். தாய்லாந்தின் பட்டாயாவில் 2004 முதல் நடந்துவரும் உலகத் திருநங்கையர் அழகிப் போட்டியில் 2012-இல் கெவின் பலோட், 2015-இல் ட்ரிக்ஸி மரிஸ்டெலா, 2022-இல் ஃபுஷியா ஆன் ரவேனா என்று பிலிப்பினாக்கள் பட்டம் வென்றது, தெருவோர மேடைகளில் பல ஆண்டுகள் பழகிய பழக்கத்தின் விளைவு.

ஜீனா அந்த உலகத்துக்குள் பதினைந்து வயதில் நுழைகிறார். டைகர்லிலி என்பவர் அவரைக் கண்டுபிடித்து, போட்டியில் நிற்கிறாயா என்று கேட்கிறார். நாற்பதுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட அந்த முதல் போட்டியிலேயே சிறந்த நீச்சலுடை, சிறந்த நீள அங்கி ஆகிய பரிசுகளை வென்று, இரண்டாம் துணைப் பட்டத்தையும், அதாவது மூன்றாம் இடத்தையும், பெறுகிறார். அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் ஓயாத பயணம். நாட்டின் மிகப் பெரிய போட்டிகள் ஒரு பக்கம். லாரியின் பின்தட்டையே மேடையாக்கிய போட்டிகள், நெல்வயலை ஒட்டிய சிமெண்டுத் தரையில் நடந்த போட்டிகள் மறுபக்கம். திடீரென்று மழை பிடித்துக்கொண்டால் அமைப்பாளர்கள் மொத்தப் போட்டியையும் யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் கொண்டுபோய் நடத்தி முடிப்பார்களாம். அந்த வீட்டுக்காரர் பெயரைக்கூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்; ஆனால் நாற்காலிகளை ஒதுக்கி இடம் கொடுத்திருக்கிறார். தொலைதூர மாகாணங்களில் முன்பின் தெரியாதவர்கள் காட்டிய இத்தகைய கனிவை ஜீனா மறக்காமல் பதிவு செய்திருப்பது என்னை மிகவும் நெகிழ வைத்தது.

நூலின் பெயர் எங்கிருந்து வந்தது என்பதும் இந்தப் பகுதியில்தான். உயர்ந்த உடல்வாகு, நீண்ட கழுத்து, அலையலையாக விழும் கூந்தல், கருத்த நிறம் ஆகியவற்றைச் சுட்டி, போட்டியாளர்கள் அவரைக் ‘குதிரைப் பார்பி’ என்று கேலி செய்தார்கள். வெள்ளைத் தோலையே அழகென்று கொண்டாடும் பழக்கம் அங்கேயும் ஊறிப்போனது. கேலியின் முள் அந்த நிறத்தின் மீதே குத்துகிறது. ஜீனா அந்தப் பெயரை உதறவில்லை. குதிரை நிமிர்ந்து நடப்பதைப் போல மேடையில் நிமிர்ந்து நடந்து, அந்தப் பெயரையே தன் அடையாளமாக்கிக்கொண்டார். பதினேழு வயதில், நாட்டிலேயே அதிகம் சம்பாதிக்கும் திருநங்கை அழகிப் போட்டியாளர் என்ற நிலைக்கு வந்துவிட்டார். வசவைப் பட்டமாக மாற்றிக்கொண்ட கதைகளை நாம் பல இடங்களில் படித்திருக்கிறோம். ஆனால் பதினாறு வயதில், கேட்கும் கூட்டத்தின் முன்னால், அடுத்த சுற்றுக்கு உடை மாற்றும் இடைவெளியில் அப்படி மாற்றிக்கொள்வதற்கு வேண்டிய துணிவு எத்தகையது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு கைதட்டலையும் படித்துக்கொண்டே வரும்போது, பிலிப்பைன்ஸ் திருநங்கையரை ஏற்றுக்கொண்ட நாடு என்ற எண்ணம் வாசகருக்கு வந்துவிடும். அந்த எண்ணத்தை நூலே கலைக்கிறது. நான் இந்த நூலை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பதற்கான முதன்மைக் காரணமும் அதுவே. 2001-ஆம் ஆண்டு, ஏற்கெனவே அமெரிக்காவில் வாழ்ந்துவந்த தாய் தொலைபேசியில் அழைத்து, கிரீன் கார்டு விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது, வந்துவிடு என்கிறார். மகள் மறுக்கிறார். தோழிகள், பயணங்கள், பட்டங்கள் எல்லாம் இங்கே இருக்க, அங்கே எதற்கு வர வேண்டும்? இரண்டு வாரம் கழித்துத் தாய் மறுபடி அழைத்து இன்னொன்றைச் சொல்கிறார்: இங்கே வந்தால் உன் பெயரையும் பாலினக் குறிப்பையும் ஆவணங்களில் மாற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு செய்தி போதுமானதாக இருந்தது. ஊரே பெயர் சொல்லிக் கூவிய ஓர் அழகி, தன் பெயரைத் தாளில் எழுதிக்கொள்வதற்காக நாட்டை விட்டுப் போகிறார்.

சொந்த நாட்டில் அது ஏன் இயலாது என்பதற்கு நூலுக்கு வெளியே இருக்கும் ஒரு தீர்ப்பைப் பார்த்தால் தெளிவு கிடைக்கும். அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு திருநங்கை, பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்றித் தருமாறு கேட்டபோது, 2003-இல் மணிலாவின் கீழ் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அரசு மேல்முறையீடு செய்தது. 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இதற்கு இடம் தரும் சட்டம் எதுவும் இல்லை, மாற்றம் வேண்டுமானால் நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும் என்று கூறி மறுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பு, கடவுள் ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்னும் விவிலிய வாசகத்தோடும், மூங்கில் பிளந்து முதல் ஆணும் முதல் பெண்ணும் வெளிவந்த பிலிப்பினோப் பழங்கதையோடும் தொடங்குகிறது. மறு ஆண்டே, பிறவியிலேயே ஆண், பெண் இரு கூறுகளும் கலந்த இடைப்பால் உடலமைப்புக் கொண்ட ஒருவருக்கு அதே நீதிமன்றம் மாற்றத்தை அனுமதித்தது. இயற்கை செய்த மாற்றம் என்றால் ஏற்பு, மனிதர் தாமே தேர்ந்துகொண்ட மாற்றம் என்றால் மறுப்பு என்னும் இந்தப் பிரிவினை, திருவிழா மேடையில் ஒலித்த கைதட்டலின் எல்லை எதுவரை என்பதைக் காட்டிவிடுகிறது.

அந்த நாட்டின் வரலாற்றைத் தெரிந்தவர்களுக்கு இது இன்னொரு வருத்தத்தையும் தரும். ஸ்பானியர்கள் வருவதற்கு முன்னர், ‘பாபாய்லான்’ எனப்பட்ட பூசாரிகளும் மருத்துவச்சிகளுமே ஊரின் ஆன்மிகத் தலைமையாக இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள் வகித்த அந்தப் பொறுப்பைப் பெண்ணுடை உடுத்திப் பெண்ணாக வாழ்ந்த ஆண்களும் வகித்ததை ஸ்பானியப் பாதிரியார்களின் குறிப்புகளே சொல்கின்றன. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஸ்பானிய ஆட்சி அந்தப் பீடத்தை இடித்தது.

அமெரிக்காவுக்குப் போன பின்னர் நடப்பவை நூலில் வேறொரு தொனியில் சொல்லப்படுகின்றன. சான் பிரான்சிஸ்கோவில் குடியேறுகிறார். அக்காலத்தில் அங்கும் அறுவைச் சிகிச்சை முடிந்தால்தான் ஆவணத்தை மாற்ற முடியும் என்ற விதி இருந்தது. பத்தொன்பது வயதில் தாய்லாந்துக்குச் சென்று சிகிச்சை செய்துகொள்கிறார். உடன் சென்றவர் தாய். ஜீனா என்னும் பெயரில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தை இரண்டு முறை எழுது என்று சொல்லிக்கொடுத்தவரும் அந்தத் தாய்தான். கலிபோர்னியாவின் ஓட்டுநர் உரிம அட்டையில் தன் பெயரையும் பெண் என்ற குறிப்பையும் முதன்முதலில் பார்த்த தருணத்தை, வாழ்வதற்குக் கிடைத்த உரிமமாகவே அவர் உணர்கிறார். பெற்ற மகளுக்கு இரண்டாம் முறை பெயர் வைத்த அந்தத் தாயைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. பிள்ளையை மறுத்த பெற்றோர் கதைகளையே அதிகம் கேட்டுப் பழகிய நமக்கு, பிள்ளைக்கு முன்னே நடந்து வழி காட்டிய ஒரு தாயின் கதை எவ்வளவு அரியது!

பின்னர் நியூயார்க். இருபத்தொரு வயதில், மான்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில் உள்ள ஓர் உணவகத்தில் ஒரு ஃபேஷன் புகைப்படக் கலைஞரின் கண்ணில் படுகிறார். நெக்ஸ்ட் மாடல் மேனேஜ்மெண்ட் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்துகொள்கிறது. நீச்சலுடை, அழகுசாதனப் பொருள்கள் என்று விளம்பரங்கள் குவிகின்றன. ஆவணத்தில் பெண் என்று இருப்பதால் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்காதவரை அவரும் சொல்வதில்லை. திருநர் தம் கடந்த காலத்தை முற்றிலும் மறைத்து வாழும் இந்த வாழ்க்கைமுறைக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டெல்த்’ என்கிறார்கள். மணிலாவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தும் தாளில் பெண்ணாக இருக்க முடியவில்லை. நியூயார்க்கில் தாளில் பெண்ணாக இருந்தும் திருநங்கையாக யாருக்கும் தெரிய முடியவில்லை. ஒரு நாடு மேடையைக் கொடுத்துப் பெயரை மறுத்தது. மற்றொரு நாடு பெயரைக் கொடுத்துப் பழைய மேடையை மறைக்கச் சொன்னது. இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு பெண் கிழிபடுவதைத்தான் நூலின் நடுப்பகுதி முழுவதும் நாம் படிக்கிறோம்.

அந்த அச்சம் வெறும் கற்பனை அன்று என்பதை இளம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1970-களில் கிளைரால் நிறுவனத்தின் கூந்தல் சாயப் பெட்டியில் முகமாக இருந்த கறுப்பின மாடல் ட்ரேசி நார்மன், 1980-இல் ஒரு படப்பிடிப்பின்போது திருநங்கை என்று தெரியவந்ததும் அங்கே வாய்ப்புகளை இழந்தார். இங்கிலாந்தில் ‘டூலா’ என்ற பெயரில் புகழ்பெற்றிருந்த கரோலின் காசியை, 1981-இல் ஒரு பரபரப்புச் செய்தித்தாள் அம்பலப்படுத்தியது. இவர்கள் தாமாகச் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்லி வாழ்க்கையைக் குலைத்தார்கள். இந்த வரலாறு இருக்கும் தொழிலில் ஒன்பது ஆண்டுகள் வாய்மூடி இருந்த ஒருவரை நேர்மையற்றவர் என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்தப் பக்கங்களைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன்.

வான்கூவர் மேடை இந்தப் பின்னணியில்தான் பொருள்பெறுகிறது. அன்று அவர் தன்னை மட்டும் பேசவில்லை. 2013-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் தாக்கப்பட்டு உயிரிழந்த இளம் திருநங்கை ஐலன் நெட்டில்ஸை நினைவுகூர்ந்தார். தமக்கு முன்னே தெருவில் இறங்கிப் போராடிய மார்ஷா பி. ஜான்சனையும் சில்வியா ரிவேராவையும் வணங்கினார். கொல்லப்பட்ட திருநர்களுக்காக ஆண்டுதோறும் நவம்பர் 20 அன்று மெழுகுவத்தி ஏற்றும் தேவையே இல்லாத ஒரு நாள் வர வேண்டும் என்பதற்காகத்தான் தான் இப்படி வெளிப்பட்டு நிற்கிறேன் என்றார். அதே காலத்தில் ‘ஜெண்டர் பிரவுட்’ என்னும் அமைப்பைத் தொடங்கி, பல நாடுகளில் திருநர் தம் பெயரையும் பாலினத்தையும் ஆவணங்களில் மாற்றிக்கொள்ளும் உரிமைக்காகக் குரல் கொடுத்தார். தனக்குக் கிடைத்த அந்த அட்டை மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவருடைய செயல்பாட்டின் அச்சு. 2019 ஆகஸ்டில் பிளேபாய் இதழில் அம்மாதத்தின் மாடலாக இடம்பெற்று, ஆசிய-பசிபிக் வம்சாவளித் திருநங்கையருள் முதலாமவர் என்ற பெயரைப் பெற்றார். அமெரிக்காவில் பராமரிப்புப் பணி செய்யும் பிலிப்பினோ மக்களைப் பற்றிய ஆவணப்படத் தொடரையும் இயக்கினார்.

இனி என் மனக்குறைகள். நூலின் முதல் பாதி ஒரு திருவிழாவைப் போல விரிகிறது. உடைகளின் பளபளப்பு, மேக்கப் அறையின் சலசலப்பு, தோழிகளின் சிரிப்பு, மழை, வியர்வை எல்லாம் கண்முன் நிற்கின்றன. பொதுவாழ்வுக்கு வந்த பின்னான பகுதிகள் அந்த அளவுக்கு நின்று பேசவில்லை என்பது என் எண்ணம். செயற்பாட்டாளராக அவர் எதிர்கொண்ட உழைப்பும் சோர்வும், ஒரு சட்டத்தை மாற்றுவதற்கு எத்தனை கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது என்பதும் இன்னும் விரிவாக வந்திருக்கலாம். டைகர்லிலியைப் போன்ற ஒரு மனிதரைப் படைத்துக் காட்டிய கை, அமெரிக்காவில் சந்தித்தவர்களைச் சற்று விரைவாகவே கடந்துபோகிறது. மாடலிங் உலகின் பெயர்களும் இடங்களும் அடுத்தடுத்து வரும் பக்கங்களில், அந்த உலகம் பழக்கமில்லாத வாசகர் சிறிது தடுமாறவும் கூடும். எனினும், அந்தப் பக்கங்களில் ஊடாடும் பயம் உண்மையானது. யாராவது பழைய படத்தைக் கொண்டுவந்து நீட்டிவிடுவார்களோ என்ற அந்தத் துணுக்குறல் எனக்கே தொற்றிக்கொண்டு, இரண்டு முறை நூலை மூடிவைத்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

வாங்கும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஓர் இணையக் கடையில் அச்சுப் பிரதிக்குப் பணம் செலுத்தினேன். இரண்டு முறை தேதி தள்ளிப்போய், மூன்றாம் முறை அட்டையின் மூலை மடங்கிய நிலையில் வந்து சேர்ந்தது. அயல்நாட்டுப் பதிப்பு என்பதால் விலையும் சற்றுக் கூடுதல். காத்திருக்க விருப்பமில்லாதவர்கள் மின்னூலாக வாங்கிக்கொள்ளலாம். ஆங்கிலம் கடினமானது அன்று. கல்லூரி அளவில் ஆங்கிலம் படிக்கப் பழகியவர்கள் அகராதியை அடிக்கடி தேட வேண்டியிருக்காது. டகாலோக் சொற்கள் இடையிடையே வருகின்றன. பெரும்பாலானவற்றின் பொருள் இடத்தை வைத்தே விளங்கிவிடும். உடல்சார்ந்த சிகிச்சை, காதல், உறவு ஆகியவற்றை ஒளிவுமறைவின்றிப் பேசுகிற நூல் என்பதால், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன் பெரியவர்கள் ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது. ஆனால், தன்னைப் பற்றிக் குழம்பித் தவிக்கும் பதின்பருவப் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளையைவிட முதலில் படிக்க வேண்டியவர் பெற்றோர்தான். அந்தத் தொலைபேசி அழைப்பு வரும் பக்கங்களுக்காகவாவது அவர்கள் படிக்க வேண்டும்.

நூலைப் படித்து முடித்த பிறகு பிலிப்பைன்ஸில் இப்போது நிலைமை என்ன என்று தேடிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஜீனாவின் உரை வெளியான அதே 2014-ஆம் ஆண்டின் அக்டோபரில், ஒலோங்காப்போ நகரில் ஜெனிஃபர் லாடே என்னும் திருநங்கையை அமெரிக்கக் கடற்படைப் பிரிவு வீரர் ஒருவர் கொன்றார். நீதிமன்றம் தண்டித்த அவருக்கு 2020-இல் அதிபர் துதெர்தே மன்னிப்பு வழங்கினார். 2016-இல் பதான் மாகாணத்திலிருந்து ஜெரால்டின் ரோமன் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அந்த அவையின் முதல் திருநங்கை உறுப்பினரானார். பாலின அடையாளத்தின் பேரில் காட்டும் பாகுபாட்டைத் தடைசெய்யும் மசோதா 2017-இல் கீழவையில் எதிர்ப்பு வாக்கே இல்லாமல் நிறைவேறியும், மேலவையில் முடங்கிப்போனது. அந்த மசோதாவின் முதல் வடிவம் 2000-ஆம் ஆண்டிலேயே முன்வைக்கப்பட்டது என்பதை நினைத்தால், ஜீனா மணிலாவை விட்டுப் புறப்படும் முன்னரே அந்தக் காத்திருப்பு தொடங்கிவிட்டது. 2019-இல் கெசோன் நகர வணிக வளாகம் ஒன்றில் பெண்கள் கழிப்பறையைப் பயன்படுத்த முயன்ற ஒரு திருநங்கையைக் கைவிலங்கிட்டு அழைத்துச் சென்ற செய்தி உலகம் முழுவதும் பரவியபோது, திருவிழா மேடைகளில் கைதட்டிய நாடு இதுதானா என்று பலர் கேட்டார்கள். ஜீனாவின் நூலைப் படித்திருந்தால் அவர்களுக்கு வியப்பு இருந்திருக்காது.

இந்த நூல் தமிழில் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். மொழிபெயர்க்கிறவர் ‘பக்லா’ என்ற சொல்லைத் திருநங்கை என்று எளிதாக மாற்றிவிடாமல், அந்தச் சொல்லின் வசையையும் உரிமையையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும். மேக்கப் அறைப் பேச்சுகளை நூலகத் தமிழாக்கிவிடாமல் பேசுகிறபடியே விட வேண்டும். அதுவரை, உரையை இன்றே பாருங்கள், பத்து நிமிடம்தான். பார்த்து முடித்தபின் அந்த லாரி மேடையும் நெல்வயலோரச் சிமெண்டுத் தரையும் உங்கள் நினைவில் தங்கினால் நூலை வாங்குங்கள். நான் இன்னும் மழை நாளில் தன் கூடத்தைக் காலிசெய்து கொடுத்த அந்தப் பெயர் தெரியாத வீட்டுக்காரரையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.